இசக்கிக்கு எடுத்த இரண்டு படங்கள்

மலச்சிக்கலைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு யாராவது அனுபவம் சொல்லச் சொன்னால், உடைந்த எலும்பையும் பிள்ளை விழுங்கிய நாணயத்தையும்தான் எதிர்பார்க்கிறார்கள். வாரக் கணக்கில் வெளிக்குப் போகாமல் வயிறு வீங்கி வருகிற பிள்ளையின் கதையைக் கேட்க யாருக்கும் பிரியமில்லை. ஆனால் என் வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் பிள்ளைகள்தான்.

எழுதத் தூண்டியது முத்துச்செல்வி. நான் விட்டுவந்த இடத்தில் இப்போது அவள்தான் படம் எடுக்கிறாள். போன மாதம் வேலை நேரத்திலேயே போன் செய்தாள்.

“அக்கா, இங்கன ஒரு அம்மா சண்டை போடுதாவ. மகனுக்கு மூணு மாசமா மலச்சிக்கல். டாக்டரு படம் வேண்டாம், மருந்து போதும்னு எழுதிட்டாரு. படம் எடுக்காம எப்படித் தெரியும்னு அவிய கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?”

“டாக்டர் சொன்னது சரின்னு சொல்லு.”

“நீங்க இருக்கும்போது எடுத்தீங்கல்லா?”

எடுத்தோம், இல்லையென்று சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்று வந்த பிள்ளையை எல்லாம் மேசையில் படுக்க வைத்து ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் மறு வேலை. அந்தப் படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்தால் ஒருவர் குடல் நிறைந்திருக்கிறது என்பார், மற்றவர் இவ்வளவு எல்லாருக்கும் இருப்பதுதான் என்பார். இப்போது தாயிடம் நன்றாக விசாரித்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்து மலக்குடல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிள்ளையின் மேல் வீணாகக் கதிர் படுவதில்லை. எனக்கு இதில் முழுச் சம்மதம். ஆனால் பிறந்த நாளிலிருந்தே தொல்லைப்படுகிற சில பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் படம் வேண்டும், அதுவும் முறையாக எடுத்த படமாக இருக்க வேண்டும். அப்படி ஒருத்திதான் இசக்கி.

நான் சாத்தான்குளத்துக்காரி. மதுரையில் படித்த இரண்டு வருஷத்தில் இந்தப் படத்துக்கென்று புத்தகத்தில் அரைப் பக்கம்தான் இருந்தது, பரீட்சையில் அதுவும் வரவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். எக்ஸ்ரே பகுதிக்கு எஸ்தர் டாக்டர்தான் தலைவி.

எஸ்தர் டாக்டரின் அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டிவிட்டு அவர் பார்க்கிற பார்வையிலும் விடைத்தாள் திருத்துகிற களை இருக்கும். பெரியவர்கள் படம் என்றால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே மாட்டார். முதலில் படம், பிறகுதான் சீட்டு. பிள்ளைகள் படம் என்றால் நேர்தலைகீழ். தாயைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி முடிக்கும்வரை படத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். ‘செண்பகம்’ என்றால் எனக்கு நிம்மதி. ‘செண்பகம் அவர்களே’ என்று வந்துவிட்டால் அன்றைக்குத் தொலைந்தேன் என்று அர்த்தம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பள வியாபாரி ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு மாதம் தவறாமல் வருவார். வெளியே எங்கெங்கோ எடுத்த படங்களையெல்லாம் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் இன்னொரு படம் எடுக்கச் சொல்வார். ஒருநாள் எஸ்தர் டாக்டர் அவர் கொண்டுவந்த படங்களை வரிசையாக மாட்டினார்.

“பாருங்க அண்ணாச்சி. எல்லாம் ஒரே படம்தான். பையன் மட்டும் கொஞ்சம் வளந்திருக்கான். அடுத்த மாசமும் எடுத்தா இன்னும் கொஞ்சம் வளந்திருப்பான்.”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் டாக்டர் அந்தப் பையனிடம் பேசினார். வகுப்பில் விரலைத் தூக்கினால் சார் திட்டுவார் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அடக்கி வைத்திருக்கிறான். அடக்கி அடக்கி இறுகி, போனால் வலிக்கிறது. வலிக்கும் என்று மறுபடியும் அடக்குகிறான். மருந்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு சொல்லும் சொல்லி அனுப்பினார், பையன் சரியாகிவிட்டான். மலச்சிக்கல் என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலும் இந்தக் கதைதான். அதனால்தான் மற்றக் கதை வரும்போது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

முக்கூடலிலிருந்து இசக்கி வந்தபோது அவளுக்கு நாலு வயது. தாய் வேலம்மாள் வீட்டிலேயே பீடி சுற்றுகிறவள். தகப்பன் கொத்தனார். பிள்ளைக்குக் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. பிள்ளைகள் அறுவை சிகிச்சை டாக்டர் பேரியம் படம் எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். பேரியம் என்கிற வெள்ளை மாவைக் கரைத்து ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரே அது.

பெரியவர்களுக்கு இந்தப் படம் என்றால் முன்கூட்டியே பேதிக்குக் கொடுத்து, எனிமா வைத்து, குடலைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு எதுவுமே செய்யக் கூடாது. காரணம் இருக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குடலின் கடைசித் துண்டில் நரம்பு இருக்காது. அந்தத் துண்டு தானாக நெகிழாது, தள்ளாது, இறுகியே கிடக்கும். அதற்கு மேலே மலம் தேங்கித் தேங்கிக் குடல் பருத்துப் போகும். ஒடுங்கின குடலும் பருத்த குடலும் சந்திக்கிற இடத்தைக் காட்டுவதற்குத்தான் படமே. கழுவிவிட்டால் மேலே வீக்கம் வடிந்துவிடும், கீழே ஒடுக்கம் நெகிழ்ந்துவிடும், இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும். நோய் இருக்கும், படத்தில் இருக்காது.

அதனால் மேசையில் ஏற்றுவதற்கு முன்னால் நானே கேட்டேன்.

“பிள்ளைக்கு எனிமா ஏதும் வச்சீங்களா?”

“இல்லக்கா.”

“மருந்து?”

“ஒரு மருந்தும் குடுக்கல.”

“வெளிக்கு எப்படிப் போறா?”

“மூணு நாளைக்கு ஒருக்க. தப்பவே தப்பாது.”

எஸ்தர் டாக்டரும் கேட்டார். பிறந்ததும் காட்டுப்பீ போனதா என்றார். பிறந்த பிள்ளை முதலில் கழிக்கிற கறுத்த மலத்துக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அது. “போச்சு டாக்டரம்மா” என்றாள் வேலம்மாள். படம் எடுத்தோம். குடல் கீழிருந்து மேல்வரை கிட்டத்தட்ட ஒரே அகலம். மறுநாள் வரச்சொல்லி இன்னொன்று எடுத்தோம், பேரியம் உள்ளே தங்குகிறதா என்று பார்க்க. ஏறக்குறைய எல்லாம் வெளியேறியிருந்தது. நரம்பில்லாத குடல் இப்படி ஒரே நாளில் காலி செய்யாது.

அறுவை சிகிச்சை டாக்டர் படங்களைப் பார்த்தார். கெட்டிக்காரர்தான், அவர் மேல் குற்றம் சொல்லமாட்டேன். படம் காட்டியதைத்தான் அவர் சொன்னார். “பழக்கக் கோளாறு. மருந்து எழுதி அனுப்பிரலாம்.”

வெளியே தகப்பன் வேலம்மாளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “நான் அப்பமே சொன்னேம்லா. பிடிவாதம். நாலு போடு போட்டா தன்னால போவா.” இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளைக்கு அந்தப் ‘போடு’ புதிதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் படம் அவர் பக்கம் பேசுகிறது, நான் என்ன சொல்ல முடியும்?

எஸ்தர் டாக்டர் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“பானை வயிறும் காலிக் குடலும் ஒரே பிள்ளைகிட்ட எப்படி இருக்கும் செண்பகம்? தாயைக் கூப்பிடு.”

வேலம்மாள் வந்தாள். நோயாளிகள் மேசையில் ஏறுவதற்குப் போட்டிருக்கிற படிப்பலகையில் டாக்டர் உட்கார்ந்துகொண்டு, அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். பழைய கேள்விகளை அவர் திரும்பக் கேட்கவில்லை.

“ஏளா வேலம்மா, உம்மவளுக்கு வெளிக்கு வரலன்னு வையி. நீ என்ன செய்வ? சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டு.”

வேலம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு கூடைக்குள் கையை விட்டு, ஒரு சின்னப் புட்டியில் விளக்கெண்ணெயும், வாழையிலைத் துண்டில் மடித்த வெற்றிலைக் காம்புகளும் எடுத்தாள். பிள்ளை மடியில் கிடப்பதுபோல முழங்காலைச் சேர்த்துக்கொண்டாள். காம்பை எண்ணெயில் முக்கி ஆசனவாயில் வைக்கிற பக்குவத்தையும், இன்னொரு கையால் அடிவயிற்றை வலத்திலிருந்து இடமாக நீவிக்கொண்டே வருகிற விதத்தையும் செய்து காட்டினாள். நாலு வருஷம் பழகின கை. எங்கள் வார்டில் எந்த நர்சும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

“இத எப்பம்லாம் செய்வ?”

“மூணு நாளைக்கு ஒருக்க. ஆஸ்பத்திரிக்கு வாறதுன்னா முந்துன நாளும் செய்வேன், காலையிலயும் செய்வேன். அழுக்கு வயித்தோட கொண்டாந்து உங்க முன்னால போட முடியுமா?”

“முதல் படம் எடுத்திட்டுப் போனியே, அன்னைக்கு?”

“அன்னைக்கு ரெண்டு மட்டம் வச்சேன். அந்த வெள்ளை மாவு உள்ள கெடந்து உறைஞ்சிருமோன்னு பயமா இருந்துச்சு.”

“பொறந்தப்பம்?”

“ரெண்டு நாளா ஒண்ணும் வரல. எங்க மதினிதான் காம்பு வச்சா. உடனே போச்சு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “மருந்து கொடுத்தீங்களான்னு நான் கேட்டேன்லா? அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“இது மருந்தாக்கா? பிள்ளை வளக்கதுல உள்ளதுல்லா?”

அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் பச்சைப் பிள்ளைக்கு இதைச் செய்வார்கள். யாரும் அதை வைத்தியம் என்று எண்ணுவதில்லை. தலைக்கு எண்ணெய் வைத்ததை டாக்டரிடம் யாராவது சொல்வார்களா?

எஸ்தர் டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். “காம்பு வைக்காம அவளா ஒரு தடவையாவது போயிருக்காளா?”

வேலம்மாள் ரொம்ப நேரம் யோசித்தாள். “இல்ல” என்றாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்ததுபோல இருந்தது.

படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் குடல் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் எடுக்க முடியும். அதுவரை யாரும் ஒன்றும் வைக்கக் கூடாது. வீட்டில் விட்டு இதைச் செய்ய முடியாது. மலம் தேங்கினால் குடல் புண்ணாகிக் காய்ச்சல் வந்து பிள்ளை போயே போய்விடலாம். அதனால் வார்டில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் காலையிலும் மாலையிலும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உடனே கழுவிவிடுவோம் என்று சொல்லிவைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குப் போய்ப் பார்ப்பேன். இசக்கியின் வயிறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்தது. சோற்றை வேண்டாமென்று தள்ளினாள். “யம்மா, காம்பு வையி” என்று முனகிக்கொண்டே இருந்தாள். வேலம்மாள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

“பீடித் தட்டு இருந்தாலாவது கை ஒரு வேலையில கெடக்கும்” என்றாள். பிறகு என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, ஒரே ஒரு மட்டம் வச்சுக்கிடுதேன். யாருக்கும் தெரியாது.”

“படத்துக்குத் தெரிஞ்சிரும் வேலம்மா.”

“எம்பிள்ள வலியில துடிக்கா. அத மாத்த எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீங்க. நீங்களும் பிள்ளை பெத்தவதான?”

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அந்த இடத்தில் நான் இருந்தால் வைத்திருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. பிறகு அவளே கூடையைத் துழாவி எண்ணெய்ப் புட்டியை எடுத்து என் கையில் திணித்தாள்.

“இத நீங்க கொண்டு போயிருங்க. எங்கிட்ட இருந்தா வச்சிருவேன்.”

என் ஆயுசில் ஒரு தாயிடமிருந்து நான் வாங்கின கனமான பொருள் அதுதான். கைப்பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கண் நிறைந்துவிட்டது.

குறித்த நாளில் இசக்கியைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் இல்லை. பேரியக் கரைசலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினேன். குளிர்ந்திருந்தால் குடல் சுருண்டுகொள்ளும். எஸ்தர் டாக்டர் அதில் ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். பெரியவர்களுக்குப் போடுகிற, நுனியில் பலூன் ஊதும் குழாய் இதற்கு ஆகாது. பலூனே ஒடுக்கத்தை விரித்துவிடும். மெல்லிய ரப்பர்க் குழாயை ஆசனவாய்க்குள் நுனி மட்டும் நுழையும்படி வைத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். பிள்ளையை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வேலம்மாளுக்குக் கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரனை மாட்டிவிட்டுத் தலைமாட்டில் நிற்க வைத்தோம். கரைசல் பையை உயரத் தூக்காமல் மேசைக்குக் கொஞ்சம் மேலே பிடித்தேன். இந்தப் படத்தில் முதலில் இறங்குகிற கொஞ்சத்தில்தான் விஷயம் இருக்கிறது. அவசரப்பட்டு நிறைத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

“பைய, பைய” என்றார் டாக்டர்.

திரையில் வெள்ளைக் கோடு ஒன்று ஏறியது. விரல் பருமன்கூட இல்லை. கொஞ்ச தூரம் அப்படியே ஒடுங்கிப் போய், எண்ணெய் ஊற்றுகிற புனல்போல விரிந்து, பெரிய பையாகப் பருத்தது.

“நிறுத்து” என்றார். குழாயைக் கிள்ளிப் பிடித்தேன். அதற்குமேல் ஒரு சொட்டு விடவில்லை. பக்கவாட்டில் ஒரு படம், நேராக ஒரு படம். அதோடு சரி.

படம் கழுவி வந்ததும் எஸ்தர் டாக்டர் தாய் தகப்பன் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். பேனா நுனியால் ஒடுக்கத்தைத் தொட்டுக் காட்டினார். “இந்தா, இங்கன வரைக்கும் இவளுக்கு நரம்பு இல்லன்னு தோணுது. சதையை எடுத்துச் சோதிச்சு உறுதி பண்ணுவாங்க. இவ அடக்கி வைக்கல. இவளால முடியாது. யாராலயும் முடியாது.”

தகப்பன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். “நான் அடிச்சேனே” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அதற்குமேல் நிற்காமல் வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன், பெஞ்சில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேலம்மாள் நகரவில்லை. “அப்பம் நான் காம்பு வச்சதாலதான் இத்தன நாளும் தெரியாமப் போச்சா?”

“அந்தக் காம்பாலதான் உம்பிள்ள நாலு வருசமா உயிரோட இருக்கா” என்றார் எஸ்தர் டாக்டர். “படத்துக்குத்தான் அது ஆகாது. பிள்ளைக்கு ஆச்சு.” சொல்லிவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

சதைப் பரிசோதனை உறுதி செய்தது. நரம்பில்லாத துண்டை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். அதோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பல மாதம் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும் என்று கணக்கே கிடையாது. தோல் வெந்து புண்ணாகி உட்கார முடியாது. தானாக வழிந்துவிடும், வருவது அவளுக்குத் தெரியாது. ஒரு தடவை வேலம்மாள் வந்தபோது, “காம்பே தேவலன்னு இருக்குக்கா” என்று அலுத்துக்கொண்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பயம்தான்.

பிறகு நெடுநாள் கழித்து, டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகிற வழியில் எங்கள் அறைக்கு வந்தார்கள். இசக்கி பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். கன்னம் உப்பியிருந்தது, வயிறு இல்லை. வேலம்மாள் என்னோடு பேசிக்கொண்டு நின்றபோது பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“யம்மா, வருது.”

வேலம்மாள் பேச்சை நிறுத்தினாள். கூடையை என் மேசையில் போட்டுவிட்டு மகளைத் தூக்காத குறையாகக் கழிப்பறைக்குக் கொண்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன். இசக்கி உள்ளே போய் இரண்டு கையாலும் தாயை வெளியே தள்ளினாள்.

“நீ அங்கன நில்லு.”

கதவைச் சாத்திக்கொண்டாள். வேலம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவிலேயே காதை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடியது, துடைக்கவில்லை.

உள்ளேயிருந்து இசக்கி கத்தினாள். “யம்மா, எட்டிப் பாக்காத!”